கையை நம்பும் இயந்திரம்

சிறிய டிராக்டர் வைத்திருப்பவர்களை இப்போது சிப்பர் ஆசை பிடித்து ஆட்டுகிறது. ஆக்லாந்தைச் சுற்றிக் குமேயு, வைமாவுக்கு, கிளீவ்டன், கராக்கா பக்கம் நாலைந்து ஏக்கர் வாங்கிக் குடியேறிய நம்மவர்களும் இதற்கு விலக்கில்லை. முதலில் டிராக்டர் வரும், அடுத்து அதற்கொரு புல்வெட்டி, அதன் பின்னாலேயே சிப்பர். 2023 ஜனவரி 27 வெள்ளமும், அடுத்த மாதமே வந்த கேப்ரியல் புயலும் சாய்த்துவிட்டுப் போன மரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை வந்ததில் வியப்பில்லை. வேலி மரமாக நிற்கும் மக்ரோகார்ப்பாவை ஒருமுறை கழித்தாலே கிளை ஆள் உயரத்துக்குக் குவிகிறது. கோடையில் தீத்தடை அறிவித்துவிட்டால் கொளுத்தவும் முடியாது. அள்ளிக்கொண்டு போகச் சொன்னால் லாரி வாடகை கண்ணைக் கட்டும். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் கொண்டுவரும் பி.டி.ஓ. தண்டைச் செருகி, கிளையை உள்ளே விட்டால் மறுபக்கம் தூளாகக் கொட்டும் இயந்திரத்தை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

நான் குறை சொல்ல வருவது ஆசையை இல்லை. அந்த ஆசைக்கு மிக அதிகமாக விற்கப்படும் ஒரு வகை இயந்திரத்தையும், அதற்காகச் சொல்லப்படும் ஒரு வாதத்தையும்தான். ஆண்டுதோறும் ஜூனில் ஹாமில்டன் மிஸ்டரி கிரீக்கில் நடக்கும் ஃபீல்டேஸ் கண்காட்சிக்குப் போனால் இந்த வாதத்தைக் கடைக்குக் கடை கேட்கலாம்: "இதில் ரோலர் கிடையாது, ஹைட்ராலிக் கிடையாது, கெட்டுப்போக எதுவுமே கிடையாது. எளிமையான மிஷின், எளிமைதான் பாதுகாப்பு." வாங்கி வந்தவர்கள் அதை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். ஆபத்தைப் பற்றிக் கேட்டால் கூடவே ஒன்று சேர்கிறது: "கவனமாக இருந்தால் ஒன்றும் ஆகாது." எளிமை, கவனம் என்ற இந்த இரண்டு சொல்லின் மேல்தான் ஒரு வியாபாரமே நிற்கிறது.

எளிமையின் நன்மைகளை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். கிளையைப் பிடித்து உள்ளே இழுக்கும் ரோலர் இல்லாத சிப்பர் விலை குறைவு. எடை குறைவு என்பதால் இருபத்தைந்து குதிரைத்திறன் டிராக்டரும் பின்னால் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறிவிடும். எண்ணெய்க் குழாய் வெடிக்காது, மோட்டார் எரியாது. நேரான, பச்சையான பாப்லர் கிளையோ வில்லோ கிளையோ கொடுத்தால் ரோலர் மிஷினுக்குச் சற்றும் குறையாமல் மென்று தள்ளும். அதன் தூள் எலுமிச்சை மரத்தடிக்கு அருமையான மூடாக்கு. ஒரே ஆள், ஒரே வகை மரம், கூர்மையான கத்தி என்றால் இது நல்ல கருவி.

அந்த மூன்றும் ஒன்றுசேர்ந்து அமைவது ஆக்லாந்து மண்ணில் எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

ரோலர் இல்லாமல் கிளை எப்படி உள்ளே போகிறது? கனமான இரும்பு வட்டு ஒன்று சுழல்கிறது. அதில் இரண்டோ நான்கோ கத்திகள் சாய்வாகப் பதித்திருக்கும். கீழே அசையாத இரும்புப் பட்டை ஒன்று. சாய்ந்த கத்தி ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் கிளையைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது. அதாவது, வெட்டுவதும் கத்தியே, இழுப்பதும் கத்தியே. என் ஆட்சேபம் முழுவதும் இந்த ஒரு வரியிலிருந்துதான் பிறக்கிறது. ரோலர் உள்ள மிஷினில் இழுக்கும் வேலை தனி, வெட்டும் வேலை தனி. வட்டு சுழன்றுகொண்டிருக்கும்போதே ரோலரை மட்டும் நிறுத்தலாம், பின்னோக்கிச் சுற்றவும் விடலாம். இரண்டு வேலையையும் ஒரே கத்தி செய்யும் மிஷினில் இழுப்பை நிறுத்த வேண்டுமானால் வட்டையே நிறுத்த வேண்டும். வட்டு மிகக் கனமானது. பி.டி.ஓ.வை அணைத்த பிறகும் தன் வேகத்திலேயே வெகுநேரம் சுழலும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 540 சுற்று, நான்கு கத்தி, ஒரு கடிக்கு 8 மில்லிமீட்டர் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 17 மீட்டர் வருகிறது. விநாடிக்கு ஏறத்தாழ 29 சென்டிமீட்டர். வளர்ந்த ஒருவரின் கை விரல் நுனியிலிருந்து தோள்வரை சுமார் 70 சென்டிமீட்டர் இருக்கும். இரண்டரை விநாடி. ஒரு கிளையின் பக்கக் கொம்பு சட்டைக் கையைப் பிடித்துவிட்டால், என்ன நடக்கிறது என்று மூளைக்கு எட்டவே அதில் பாதி போய்விடும். மீதி நேரத்தில் அந்த ஆள் என்ன செய்ய முடியும்? பி.டி.ஓ. நெம்பு டிராக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆள் நிற்பது சிப்பரின் வாய்க்கு முன்னால். இடையே மிஷினின் முழு நீளம். சனிக்கிழமை காலையில் தனியாக வேலை செய்பவருக்கு அந்த நெம்பு பக்கத்து ஊரில் இருந்தால் என்ன, பக்கத்தில் இருந்தால் என்ன?

"கையை வாய்க்குள் விடாதே, அவ்வளவுதானே" என்பார்கள். கையை யாரும் வேண்டுமென்று விடுவதில்லை. மரம்தான் விட வைக்கிறது. இதை நான் நெருங்கி நின்று பார்த்திருக்கிறேன். வைமாவுக்குப் பக்கம் ஒரு நிலத்தில் பிரிவெட் புதரை வெட்டி சிப்பரில் போட்டுக்கொண்டிருந்தார் ஒருவர். கவனமான மனிதர். கண்ணாடி, காதுமூடி, கணுக்கால் உயர பூட்ஸ் எல்லாம் இருந்தது. பிரிவெட் கிளை நேராக வளராது. அடியிலிருந்தே கவை கவையாகப் பிரியும். தடித்த அடிப்பக்கத்தை அவர் உள்ளே விட்டார். ஒன்றரை அடி போனதும் கவை வாயின் இரண்டு ஓரத்திலும் முட்டி நின்றது. கத்தி இழுக்கப் பார்க்கிறது, கவை விடவில்லை. கிளை முழுவதும் அதிர்கிறது. அவர் முதலில் அசைத்தார். பிறகு திருப்பினார். பிறகு ஒரு காலைச் சற்று முன்னால் வைத்து, உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்தினார். கவை மடக்கென்று முறிந்தது, கிளை ஒரே பாய்ச்சலில் உள்ளே போனது. அழுத்திக்கொண்டிருந்த இரண்டு கையும் அதே வேகத்தில் முன்னால் போய், வாயின் விளிம்பைத் தாண்டி நின்றன. அவர் ஒன்றும் ஆகாததுபோல் அடுத்த கிளையை எடுத்தார். உண்மையில் அவருக்கு ஒன்றும் ஆகவும் இல்லை. அன்றைக்கு அது எத்தனையாவது கிளையோ, அத்தனைக்கும் அதே அசைப்பு, அதே அழுத்து, அதே பாய்ச்சல்.

ரோலர் உள்ள மிஷினில் அந்தக் கவையை ரோலரே நசுக்கி உள்ளே கொண்டுபோகும். நசுங்காவிட்டால் பின்னால் தள்ளிக் கொடுக்கும். ஆள் விலகி நிற்கலாம். அது இல்லாத மிஷினில் மனிதனின் தோள்தான் ரோலர். "கெட்டுப்போக எதுவுமே இல்லை" என்று விற்கிறார்களே, கெட்டுப்போகக்கூடிய அந்தப் பாகத்தின் வேலையை வாங்கியவர் உடம்புக்கு மாற்றிவிட்டார்கள் என்பதுதான் அதன் பொருள்.

இந்த ஊர் மரங்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். போஹுட்டுகாவா முறுக்கிக்கொண்டு வளரும், கட்டையோ இரும்பு. வாட்டில் மரத்தில் கொத்துக் கொத்தாகப் பக்கக் கொம்பு. மக்ரோகார்ப்பா கிளை முழுக்கச் செதில் இலை, உள்ளே போவதற்குள் வாயை அடைத்துவிடும். டீ கௌக்கா இலையும் ஹரகேகே இலையும் நார். வெட்டுப்படாமல் தண்டைச் சுற்றிக்கொள்ளும். இவற்றில் ஒன்றாவது விளம்பரப் படத்தில் வரும் கிளைபோல் நேராக வழுக்கிக்கொண்டு போகுமா? விளம்பரத்தில் எப்போதும் பாப்லர்தான்.

கத்தி மழுங்குவது அடுத்த கதை. கூர்மையாக இருக்கும்வரைதான் அது இழுக்கும். மண் ஒட்டிய வேர்க்கட்டை ஒன்று, வேலிக் கம்பித் துண்டு ஒன்று உள்ளே போனால் போதும், முனை மழுங்கிவிடும். மழுங்கிய கத்தி இழுக்காது, தட்டும். கிளை உள்ளே போகாமல் துள்ளும். ரோலர் மிஷினில் கத்தி மழுங்கினால் தூள் நார்நாராக வரும், டிராக்டர் முக்கும், வேலை மெதுவாகும். ரோலர் இல்லாததில் கத்தி மழுங்கினால் ஆள் தள்ள ஆரம்பிப்பார். மாலை நான்கு மணிக்கு, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்ற நினைப்பில், யார் கத்தியைக் கழற்றித் தீட்டப் போகிறார்கள்? பராமரிப்புக் குறைந்தால் வேகம் குறைவது ஒரு வகை இயந்திரம். பராமரிப்புக் குறைந்தால் மனிதன் வாய்க்கு நெருங்கி வருவது இன்னொரு வகை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து விலையை மட்டும் ஒப்பிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம்மூர்க்காரர்களுக்கு இது புதிய பாடமாக இருக்கக் கூடாது. பசுமைப் புரட்சிக் காலத்தில் கதிரடிக்கும் இயந்திரங்கள் வட இந்தியக் களங்களில் இறங்கியபோது கை போனவர்கள் ஏராளம். அப்போதும் இதே பேச்சுத்தான்: தூக்கக் கலக்கம், குடி, கவனக்குறைவு, தொளதொள சட்டை. கடைசியில் 1983-ல் நாடாளுமன்றம் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அது குறிவைத்தது கதிரடிக்கும் இயந்திரத்தைத்தான். கதிர் போடும் வாய்க்கு இந்தியத் தர நிர்ணயம் அளவு வகுத்தது. வாய்ப்பகுதி குறைந்தது 90 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும், அதில் 45 சென்டிமீட்டர் மேலே மூடியிருக்க வேண்டும். எத்தனை பட்டறைகள் அதைப் பின்பற்றின என்பது வேறு விஷயம். எனக்கு முக்கியம் அந்த விதி எங்கே கை வைத்தது என்பது. கூலிக்காரனுக்கு அறிவுரை சொல்வதோடு நிற்காமல் தகரத்தின் நீளத்தை நிர்ணயித்தது. தூங்கி விழுகிற ஆளின் கையும் எட்டாத தூரத்துக்கு உருளையைத் தள்ளி வைத்தது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை மட்டையைத் தூளாக்கும் டிராக்டர் மிஷின் பார்த்தவர்களுக்குத் தெரியும், மட்டையின் அகன்ற அடிப்பக்கம் வாயில் சிக்கினால் மனிதனின் முதல் உந்துதல் கையால் குத்தித் தள்ளுவதுதான். அந்த உந்துதல் கோயம்புத்தூரிலும் ஒன்றுதான், ஆக்லாந்திலும் ஒன்றுதான்.

அமெரிக்காவில் 1992 முதல் 2002 வரை வேலையிடங்களில் சிப்பரால் இறந்தவர்கள் 31 பேர் என்று அவர்களுடைய நோய்த்தடுப்பு மையம் கணக்கு வெளியிட்டது. பாதிக்கு மேல் உள்ளே இழுக்கப்பட்டவர்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் சுழலும் வட்டின் மூடியைத் திறந்தோ, தெறித்த பாகம் பட்டோ இறந்தவர்கள். அவர்கள் தொழிலாளர்கள், வேலையாகவே இதைச் செய்தவர்கள். கவனம் போதும் என்றால் அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். சிப்பர் என்றதும் 1996-ல் வந்த 'ஃபார்கோ' படத்தைச் சொல்லிச் சிரிப்பது இங்கே வழக்கம். சிரித்து முடித்ததும் பேச்சு குதிரைத்திறனுக்குப் போய்விடும்.

இதற்கு ஒரு பலமான மறுப்பு உண்டு. தொழில்முறை மரவெட்டிகள் வைத்திருக்கும் பெரிய சிப்பர்களில் ரோலர் இருக்கிறது, அந்த ரோலரேதான் ஆளைப் பிடித்து இழுக்கிறது, பிடித்ததை விடவும் விடாது. உண்மை. ரோலர் ஒரு வாய். பல் உள்ள வாய். ஆனால் அதற்கு முன்னால் ஒரு ஸ்டாப் பார் இருக்கிறது. வாயின் ஓரத்தைச் சுற்றி வரும் தண்டு, இடுப்போ தொடையோ மோதினால் ரோலரை நிறுத்தும், சிலவற்றில் பின்னோக்கியும் திருப்பும். அது சரியாக இருக்கிறதா என்று உலகம் சண்டை போட்டிருக்கிறது. சிப்பர்களுக்கென்று இருந்த ஐரோப்பியத் தரவிதி, ஆளை உள்ளே இழுக்கும் ஆபத்துக்குப் போதிய காப்பு தரவில்லை என்று பிரான்ஸ் ஆட்சேபம் எழுப்பியது. 2014 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் அதை ஏற்று, அந்தத் தரவிதிக்கு இருந்த அங்கீகாரத்தையே விலக்கிக்கொண்டது. பிறகு 2020-ல் புதிய விதி வந்தது. ஸ்டாப் பார் வைத்த இயந்திரத்துக்கே இத்தனை விசாரணை. நிறுத்தத் தண்டே இல்லாத இயந்திரத்தை நாம் "எளிமை" என்று பெயர் சூட்டித் தள்ளுபடியில் வாங்குகிறோம். ரோலர் குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. விசாரணைக்கு உட்பட்டது, அது போதும் எனக்கு.

நியூசிலாந்தில் ஏன் இந்தச் சண்டை நடக்கவில்லை? என் சந்தேகம் இந்த நாட்டின் மிக நல்ல ஏற்பாடு ஒன்றின் மேல் போகிறது. 1974 ஏப்ரல் முதல் இங்கே ஏ.சி.சி. என்ற விபத்து இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. யார் தவறு என்று கேட்காமல் காயப்பட்டவருக்குச் சிகிச்சை தரும், வேலைக்குப் போக முடியாவிட்டால் சம்பளத்தில் 80 விழுக்காடு தரும். அதற்கு ஈடாக, காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமையை மக்கள் விட்டுக்கொடுத்தார்கள். மனிதாபிமானமான திட்டம், எந்த நாட்டோடும் ஒப்பிட்டுப் பெருமைப்படலாம். ஆனால் அமெரிக்காவில் விரல் போனவரின் வக்கீல் நீதிமன்றத்தில் கேட்கும் ஒரு கேள்வி, "இந்த வாயை ஏன் இவ்வளவு குட்டையாகச் செய்தீர்கள்?" என்பது, இங்கே யாராலும் கேட்கப்படுவதில்லை. விற்றவரும் கேட்க மாட்டார், இறக்குமதி செய்தவரும் கேட்க மாட்டார், காசு கொடுக்கும் ஏ.சி.சி.யும் அந்த மிஷினை வாங்கிப் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. 2015-ஆம் ஆண்டு வேலைப் பாதுகாப்புச் சட்டம் இயந்திரம் செய்பவர், இறக்குமதி செய்பவர், விற்பவர் எல்லார்மேலும் கடமை வைக்கிறது. பைக் ரிவர் சுரங்கத்தில் 2010-ல் 29 பேர் இறந்ததன் பின்விளைவாக வந்த சட்டம் அது. ஆனால் அதன் பார்வை வேலையிடத்தின் மேல். சொந்த நிலத்தில், சொந்த மிஷினில், வார இறுதியில் கிளை போடுகிறவரை யார் வந்து பார்ப்பது? அவர் வீட்டுக்கு வரும் ஒரே பாதுகாப்பு அதிகாரி, மிஷினின் பக்கவாட்டில் ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கர்.

தேர்வு செய்வது எப்படி என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, அந்த அங்குலக் கணக்கை மறந்துவிடுங்கள் என்பதுதான். நான்கு அங்குலம், ஆறு அங்குலம் என்று எல்லாரும் கிளையின் தடிமனைச் சொல்லி விற்கிறார்கள். ஆறு அங்குலக் கட்டை நல்ல விறகு. அதை ஏன் தூளாக்க வேண்டும்? தொல்லை தருவது இரண்டு மூன்று அங்குலக் கிளையும் அதன் கவைகளும். ஆகவே வாயின் உயரத்தைவிட அகலம் முக்கியம். அடுத்தது டிராக்டரின் திறன். பானெட்டில் எழுதியிருக்கும் எண் எஞ்சினுடையது. பி.டி.ஓ.வில் கிடைப்பது அதைவிடக் குறைவு, அந்த எண்ணைக் கையேட்டில் தேடிப் பாருங்கள். மூன்றாவது எடை. ரோலர், ஹைட்ராலிக் டேங்க் எல்லாம் சேர்ந்தால் சிறிய டிராக்டரின் முன் சக்கரம் லேசாகிவிடும், முன்னால் எடை கட்ட வேண்டும். ஆக்லாந்துக் களிமண் சரிவில், மழை பெய்த மறுநாள், இது சின்ன விஷயமில்லை. ஹாமில்டனில் செய்யப்படும் ஹான்சா முதல் கனடாவிலிருந்து வரும் வாலன்ஸ்டைன் வரை, ஒரே நிறுவனமே ரோலர் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு வகையும் வைத்திருப்பது உண்டு. ஆக இது பிராண்டுச் சண்டை இல்லை.

பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. துவாகாவில் வளர்ந்த எட்மண்ட் ஹில்லாரி 1958 ஜனவரி 4 அன்று தென் துருவத்தை எட்டியது ஃபெர்குசன் டிராக்டரில்தான். அந்தச் சாம்பல் நிறப் பழைய ஃபெர்குசன்கள் இன்றும் இந்த ஊர்க் கொட்டகைகளில் ஓடுகின்றன, அவற்றின் மேல் இங்கே ஒரு பக்தியே உண்டு. துருவத்துக்குப் போன வண்டி சிப்பருக்கு ஆகாதா என்று கேட்பார்கள். அந்த வண்டியில் பி.டி.ஓ.வும் சக்கரமும் ஒரே கிளட்சில். கிளட்சை மிதித்தாலும் சிப்பரின் கனமான வட்டு தன் வேகத்தில் பி.டி.ஓ.வைச் சுற்றி, கியரில் இருக்கும் வண்டியையே முன்னால் தள்ளிவிடும். இடையில் ஒருபக்கம் மட்டும் சுற்றும் கிளட்ச் ஒன்றைப் போடாமல் இதில் சிப்பர் மாட்டக் கூடாது. பி.டி.ஓ. தண்டின் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் அன்றைக்கு வேலையே கூடாது. 540 சுற்று என்றால் விநாடிக்கு ஒன்பது. உறையில்லாத வெறும் தண்டு ஒரு விநாடியில் ஒரு மீட்டர் துணியைச் சுருட்டிக்கொள்ளும்.

கிளை போடும் முறை பற்றி எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது, இருந்தாலும் சுருக்கமாக: அடிப்பக்கத்தை முதலில் விடு. வாய்க்கு நேராக நிற்காதே, பக்கவாட்டில் நில். கத்தி கடித்ததும் கையை எடுத்து விலகிப் போ, கிளை சாட்டைபோல் திரும்பும். குட்டைத் துண்டுகளைத் தனியாகப் போடாதே, நீளமான கிளையோடு சேர்த்து விடு, இல்லையென்றால் அப்படியே உரத்துக்கு ஒதுக்கிவிடு. வாரிய குப்பையில் கல்லும் ஆணியும் இருக்கும், அது வேண்டாம். அகன்ற மணிக்கட்டுக் கையுறை, தொங்கும் கயிறுள்ள ஜாக்கெட், துப்பட்டா, மோதிரம், கையில் கட்டிய கோயில் கயிறு, எல்லாம் கழற்று. அடைத்துக்கொண்டால் எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டு, வட்டு நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடியைத் திற. கவுரி மரம் நிற்கும் நிலமென்றால் வேர்நோய் பரவும், மண்ணைக் கழுவாமல் மிஷினை வெளியே எடுக்காதே. அத்தனையும் சரி. அத்தனையையும் நான் கடைப்பிடிக்கிறேன். ஆனால் இந்தப் பட்டியலில் பெரும்பகுதி மனிதன் நாள் முழுவதும் களைக்காமல், சலிக்காமல், ஒரே மாதிரி இருப்பான் என்று நம்பிக்கொண்டு எழுதப்பட்டது. விலகி நில் என்று கையேடு சொல்கிறது. கவையோ பக்கத்தில் வா என்கிறது. கையேட்டைவிடக் கவைக்குத்தான் குரல் அதிகம்.

ரோலர் மிஷினுக்குக் காசு போதாது என்றால்? மரவெட்டியை வரவழைத்து ஒரு நாள் கூலி கொடுங்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் வேலைக்கு மிஷின் வாங்குவதைவிட அது லாபமாகவே முடியும். அல்லது கிளையை வேலியோரம் குவித்து அப்படியே மட்க விடுங்கள், இரண்டு மழைக்காலத்தில் பாதி இறங்கிவிடும். நாலு ஏக்கர் நிலத்தில் குவிக்க இடமா இல்லை? துப்புரவாக இருக்க வேண்டும் என்ற நகரத்துக் கண்ணை மட்டும் கொஞ்சம் மூடிக்கொள்ள வேண்டும்.

பழைய ரோலர் மிஷின் மலிவாகக் கிடைத்தால் முதலில் ஸ்டாப் பாரைப் பாருங்கள். கிளை பட்டுப் பட்டு அடிக்கடி நிற்கிறது என்று அதைக் கம்பியால் கட்டிப்போட்டிருப்பார்கள். கட்டியிருந்தால், அல்லது கட்டிய தழும்பு பெயின்ட்டில் தெரிந்தால், அதை ஓட்டியவர் மற்றவற்றையும் எப்படி வைத்திருந்திருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையில் மிஷின் அணைந்திருக்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். இரண்டு மீட்டர் கிளை ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து, உள்ளே தள்ளுவதுபோல் குனிந்து நில்லுங்கள். அந்த நிலையிலேயே, கையை விடாமல், இடுப்பாலோ முழங்காலாலோ மிஷினை நிறுத்த முடிகிறதா? ரோலர் இல்லாததாக இருந்தால் விற்பவரையே அப்படி நிற்கச் சொல்லி, எப்படி நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். அவர் டிராக்டர் சீட்டைக் காட்டுவார். வாயிலிருந்து அந்த நெம்பு வரை நடந்து பார்த்து, எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். குறுக்கே பி.டி.ஓ. தண்டைத் தாண்டக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும்.